கைதுக்குப் பிறகு

அமெரிக்காவில் மனைவியை அடித்த கணவனைப் பார்த்த இடத்திலேயே கைது செய்தாக வேண்டும் என்ற சட்டங்கள் 1980களில்தான் பரவின. அதற்கு முன்பெல்லாம் அழைப்பு வந்தால் போலீஸ்காரர் வருவார், இருவரிடமும் சமாதானம் பேசுவார், கணவனைக் கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வரச் சொல்வார், போய்விடுவார். வீட்டுச் சண்டை போலீஸ் வேலை இல்லை என்பது அந்நாட்டுக் காவல் நிலையங்களின் எழுதாத விதி. பெண்ணிய இயக்கங்கள் அதை எதிர்த்ததில் முழு நியாயம் இருந்தது. ஆய்வும் அவர்கள் பக்கம் நின்றது. மினியாபொலிஸ் நகரில் 1981-82இல் குற்றவியல் அறிஞர் லாரன்ஸ் ஷெர்மன் ஒரு சோதனை நடத்தினார். ஒரு வீட்டில் கைது, இன்னொரு வீட்டில் அறிவுரை, மற்றொரு வீட்டில் கணவனைச் சில மணி நேரம் வெளியே அனுப்புவது என்று, எங்கே எதைச் செய்வது என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். கைதான ஆண்கள் மறுபடி அடிப்பது குறைந்திருந்தது. 1984இல் முடிவு வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் பல மாநிலங்களில் கட்டாயக் கைதுச் சட்டம் வந்துவிட்டது.

ஒரு நகரத்துச் சோதனையை வைத்து நாட்டுக்கே சட்டம் போடக் கூடாது என்பதால் வேறு நகரங்களிலும் அதைச் செய்து பார்த்தார்கள். 1987-88இல் மில்வாக்கியில் நடந்தது அவற்றில் ஒன்று. அங்கே கதை மாறியது. வேலையில் இருந்த ஆண்கள் கைதுக்குப் பிறகு அடங்கினார்கள்; வேலையில்லாதவர்கள் முன்பைவிட மூர்க்கமானார்கள். கட்டாயக் கைதுச் சட்டங்களை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஷெர்மனே கேட்க ஆரம்பித்தார். தன் ஆய்வின் புகழை இப்படித் தானே குறைத்துக்கொள்ளும் அறிஞர்கள் அபூர்வம். 23 ஆண்டுகள் கழித்து, மில்வாக்கிப் பட்டியலில் அடிபட்டவர்களாக இருந்த 1,125 பேர் என்ன ஆனார்கள் என்று அவரும் சக ஆய்வாளர் ஹெதர் ஹாரிஸும் தேடிப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு திடுக்கிட வைப்பது. அடித்தவனை எச்சரித்து விட்ட வீடுகளைவிட, கைது செய்துகொண்டு போன வீடுகளில் அடிபட்டவர்களின் இறப்பு 64 சதவீதம் அதிகம். வெள்ளையரிடையே இந்த வித்தியாசம் 9 சதவீதம்தான். கறுப்பினத்தவரிடையே 98 சதவீதம். இவை பெரும்பாலும் கொலைகள் அல்ல. இதய நோய், புற்றுநோய் போன்ற வழக்கமான காரணங்களால் வந்த சாவுகள். இறந்தவர்களின் எண்ணிக்கை பெரிதில்லை, ஒரே நகரத்தின் கணக்கு இது என்ற எச்சரிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் யாரைக் காப்பாற்றவென்று சட்டம் வந்ததோ அவர்களே அதற்கு விலை கொடுத்திருக்கலாம் என்ற சந்தேகத்தை இனி ஒதுக்கித் தள்ள முடியாது.

எப்படி நடந்தது என்பதை அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. என்றாலும் கைதுக்குப் பிறகு ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தவனுக்கு வேலை போகும். வேலை போனால் வாடகை நிற்கும். ஜாமீனுக்குக் கடன் வாங்குவது பெரும்பாலும் அடிபட்ட அவள்தான். அதே மில்வாக்கியில் சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்ட் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். போலீஸ் அடிக்கடி வரும் கட்டடங்களைத் ‘தொந்தரவு வீடுகள்’ என்று குறித்து, வீட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பும் வழக்கம் அந்நகரில் இருந்தது. 2008-09இல் போன நோட்டீஸ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடும்ப வன்முறை அழைப்புகளால் வந்தவை. உரிமையாளர்களில் பலர் கண்ட தீர்வு, போன் செய்த பெண்ணைக் காலி செய்யச் சொல்வது அல்லது அப்படி மிரட்டுவது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கே இந்த நோட்டீஸ் அதிகம் போனது. அடி வாங்கியவள் உதவிக்கு அழைத்தால் வீடும் போகும் என்று ஆன பிறகு, அவள் அடுத்த முறை போனை எடுப்பாளா?

தன்னைத் தற்காத்துக்கொண்ட பெண்ணுக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. ஃபுளோரிடாவில் மரிஸா அலெக்ஸாண்டர் என்ற கறுப்பினப் பெண், 2010இல் தன்னைத் தாக்க வந்த கணவனை விரட்டத் துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். யாருக்கும் காயமில்லை. 2012இல் அவருக்கு விதித்த தண்டனை 20 ஆண்டு. மேல்முறையீட்டில் அது ரத்தானாலும், மூன்று ஆண்டுச் சிறைக்கு ஒப்புக்கொண்ட பிறகே அவரால் வெளியே வர முடிந்தது. குடியேறிய குடும்பங்களில் கணக்கு வேறு. 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படலாம். கணவனின் வேலை விசாவை ஒட்டியே மனைவியின் விசாவும் நிற்கும் வீடுகளில், அவனை அனுப்பினால் அவளும் போக வேண்டியதுதான். நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக இருப்பது இந்த விசாவில்தான் என்பதால் இது நமக்கும் தொலைதூரச் செய்தி இல்லை. தெற்காசியப் பெண்களுக்காக நியூ ஜெர்சியில் 1985இல் ‘மானவி’யும், நியூயார்க்கில் 1989இல் ‘சகி’யும் தொடங்கப்பட்டன. பெண்ணைத் தேடி நீதிமன்றம் வரட்டும் என்று காத்திருக்க முடியாத நிலைமை அவற்றைத் தொடங்கியவர்களுக்கு அன்றே புரிந்திருந்தது.

ஆக, அரசின் கை அடிபட்டவளைக் காயப்படுத்தியது. சமூகத்தின் கை அவளைத் தாங்கியதா என்றால் அதுவும் இல்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1991இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொல்லும் செய்தி இதற்குச் சான்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எந்தெந்தப் பகுதியில் எத்தனை குடும்ப வன்முறைச் சம்பவங்களில் தலையிட்டார்கள் என்ற விவரத்தைப் போலீஸிடம் கேட்டார். தர மறுத்துவிட்டார்கள். மறுத்ததற்கு ஒரு காரணம், சிறுபான்மைச் சமூகங்களின் பிரதிநிதிகளே அதை விரும்பவில்லை என்பது. எண்ணிக்கை வெளியே போனால், ‘பாருங்கள், இவர்களே இப்படித்தான்’ என்று வெள்ளை அமெரிக்கா சொல்லும் என்ற பயம். அந்தப் பயம் பொய்யில்லை. கறுப்பின ஆணைக் காட்டுமிராண்டி என்று சித்திரித்தே கும்பல் கொலைகளை நியாயப்படுத்திய நாடு அது. ஆனால் இனத்தின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் அடிவாங்குகிற பெண்ணின் வாயை மூடுவதில் போய் முடிந்தது. வீட்டு விஷயம் படிதாண்டக் கூடாது, ஊர் சிரிக்கும் என்று சொல்லி வளர்த்த சமூகங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் அமெரிக்காவின் சிறை ஒழிப்பு இயக்கம் பற்றிப் பேச்சு வந்தால் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையும் 2020ஆம் ஆண்டுப் போராட்டங்களும்தான் நினைவுக்கு வரும். கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய போலீஸ்காரனைக் கண்டிக்கத் தனிக் கொள்கை எதுவும் தேவையில்லை. சிறை ஒழிப்புச் சிந்தனை தேறுமா தேறாதா என்பதைப் பார்க்க வேண்டிய இடம் வீடு. கறுப்பின ஆண் கறுப்பினப் பெண்ணை அடிக்கும் இடம், குடியேறிய கணவன் குடியேறிய மனைவியைப் பூட்டி வைக்கும் இடம். அங்கே போலீஸ் ஒரு பக்கமும் மௌனம் ஒரு பக்கமுமாக இருந்த இரண்டு வழிகளைவிட ஒழிப்புவாதிகள் காட்டும் மூன்றாவது வழி, அதாவது சிறையை நம்பாமல் சமூகத்துக்குள்ளேயே அடித்தவனைப் பொறுப்பேற்க வைப்பது, நியாயமானது என்பதே என் வாதம். ஒரு நிபந்தனை உண்டு. சமூகத்தின் ஒற்றுமையைக் கொண்டுபோய் நடுவில் வைத்தால் அது பழைய மௌனத்தின் புதுப் பெயராகிவிடும். அடிபட்டவரின் பாதுகாப்பும் விருப்பமும் நடுவில் இருக்கும்வரைதான் அது நீதி.

இந்த நிபந்தனையை வெளியிலிருந்து யாரும் விதிக்கவில்லை. இயக்கத்துப் பெண்களே விதித்தார்கள். ‘ஒழிப்பு’ என்ற சொல் அடிமை முறை ஒழிப்பிலிருந்து வந்தது. 1865இல் அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் அதை விட்டுவைத்தது. வேலையில்லாமல் சுற்றினாய் என்று கறுப்பினத்தவரைப் பிடித்துத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்ட வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. சிறை ஒழிப்புச் சிந்தனையாளர்களான ஏஞ்சலா டேவிஸ், ரூத் வில்சன் கில்மோர் முதலானோர் இந்தச் சங்கிலியைப் பிடித்துத்தான் சிறையை எதிர்த்தார்கள். சிறை ஒழிப்புக்காக உருவான ‘கிரிட்டிகல் ரெசிஸ்டன்ஸ்’ அமைப்பின் முதல் மாநாடு 1998இல் பெர்க்லியில் நடந்தது. பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்த்த இயக்கமோ வேறு திசையில் போயிருந்தது. 1994இல் வந்த பெண்கள் பாதுகாப்புச் சட்டம், மாநிலங்கள் சிறை கட்ட ஏறக்குறைய 970 கோடி டாலர் ஒதுக்கிய பெரிய குற்றச் சட்டத்துக்குள் ஓர் அங்கமாகவே நிறைவேறியது. 2000இல் உருவான ‘இன்சைட்’ என்ற வெள்ளையரல்லாத பெண்களின் அமைப்பு இரு பக்கத்தையும் பார்த்துக் கேள்வி கேட்டது. 2001இல் ‘கிரிட்டிகல் ரெசிஸ்டன்ஸ்’ உடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், வன்முறை எதிர்ப்பு இயக்கம் போலீஸையும் சிறையையும் நம்பிக் கெட்டது என்றார்கள். சிறை எதிர்ப்பு இயக்கம் பெண் வாங்கும் அடியைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். கால் நூற்றாண்டு ஆகியும் அந்த இரண்டாவது குற்றச்சாட்டைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அன்பு என்ற சொல் இந்த விவாதத்துக்குள் வருவது இங்கேதான். பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 2000இல் வெளியிட்ட ‘ஆல் அபவுட் லவ்’ நூலின் மைய வாதம், வன்கொடுமையும் அன்பும் ஒரே இடத்தில் இருக்க முடியாது, நீதி இல்லாத இடத்தில் அன்பு இல்லை என்பது. அடிப்பதும் அன்புதான் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் பொய் தொடங்குகிறது என்கிறார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நாம் சொல்லும் பழமொழிக்கு நேர் எதிர் இது. ஆகவே, அன்பின் பெயரால் சிறையை மறுப்பவர்கள் அடித்தவனை மன்னிக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்வது தவறு. அவர்கள் சொல்வது வேறு: அவன் செய்ததை அவன் வாயால் சொல்ல வேண்டும், யாருக்குச் செய்தானோ அவள் முன்னால், அவளுக்கு வேண்டுமென்றால் மட்டும், இழப்பை ஈடு செய்ய வேண்டும், மறுபடி செய்யாமலிருக்கத் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சிறை கேட்பதில்லை. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கொடுக்கும் முதல் அறிவுரையே ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதே என்பதுதான். பத்து வருடம் உள்ளே இருந்துவிட்டு, தான் செய்தது என்ன என்று ஒருமுறைகூடச் சொல்லாமல் ஒருவன் வெளியே வந்துவிட முடியும். அடிபட்ட பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், பலர் சொல்வது சுருக்கமானது: அடி நிற்க வேண்டும், அவன் திருந்த வேண்டும், பிள்ளைகளுக்கு அப்பா இருக்க வேண்டும். இதில் சிறையால் தர முடிவது முதலாவது மட்டும். அதுவும் அவன் உள்ளே இருக்கும் வரை.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஓக்லண்டில் மிமி கிம் 2004இல் தொடங்கிய ‘கிரியேட்டிவ் இன்டர்வென்ஷன்ஸ்’ அமைப்பு எளிமையான ஒரு கவனிப்பிலிருந்து ஆரம்பித்தது. அடிபட்ட பெண் முதலில் போவது போலீஸிடமோ காப்பகத்துக்கோ அல்ல. அக்காவிடம், தோழியிடம், கூட வேலை செய்பவரிடம், தேவாலயத்துப் பாதிரியாரிடம். அவர்களுக்கோ என்ன செய்வதென்று தெரியாது. பொறுத்துப் போ என்பார்கள், அல்லது உடனே விட்டுவிடு என்பார்கள். அந்த ஆட்களைத் தயார்படுத்துவதுதான் வேலை. இன்று இரவு அவள் எங்கே தங்குவாள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள், அவன் யார் சொன்னால் கேட்பான், அவன் குடித்திருந்தால் யார் போகக் கூடாது, அவள் கேட்பது பிரிவா திருத்தமா, நாளை மனம் மாறினால் திட்டம் எப்படி மாறும் என்று ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறார்கள். 2012இல் அவர்கள் வெளியிட்ட கையேடு 500 பக்கங்களைத் தாண்டும். படித்து முடிக்கவே பொறுமை வேண்டும். ஆனால் அந்தப் பருமன் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. அன்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் 500 பக்கம் எழுத மாட்டார்கள்.

நல்ல எண்ணம் சரி, பலன் உண்டா என்று கேட்பது நியாயம். சான்ஃபிரான்சிஸ்கோவில் 13 முதல் 17 வயதுக்குள்ளான, நடுத்தரக் கடுமையுள்ள குற்றங்களில் சிக்கிய சிறுவர்களை, பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான வழக்கு விசாரணை. இன்னொரு பகுதிக்குப் பாதிக்கப்பட்டவரோடு உட்கார்ந்து பேசி, ஈடு செய்யும் உடன்படிக்கை எழுதி, ஆறு மாதத்துக்குள் அதை நிறைவேற்றும் வழி. இரண்டாவது வழியில் வாய்ப்புப் பெற்றவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி கைதாவது 44 சதவீதம் குறைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் மறையவில்லை. சிறையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்: 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களில் 68 சதவீதம் பேர் மூன்றே ஆண்டில் மறுபடி கைதானார்கள் என்பது அமெரிக்க அரசின் சொந்தப் புள்ளிவிவரம். குடும்ப வன்முறைக்கும் சோதனை உண்டு. மெக்சிகோ எல்லையை ஒட்டிய நொகாலஸ் என்ற சிறு ஊரில் லிண்டா மில்ஸ் என்ற ஆய்வாளர், குடும்பத்தாரும் ஊர்க்காரரும் சேர்ந்து உட்காரும் வட்டங்களை முயன்று பார்த்தார். அங்கே பலன் தெளிவாக இல்லை. பிறகு யூட்டாவில், அடிக்கும் ஆண்களுக்கான வழக்கமான பயிற்சியோடு இந்த வட்டத்தையும் சேர்த்துச் சோதித்தபோது, இரண்டு ஆண்டுகளில் புதிய கைதுகள் 53 சதவீதம் குறைந்தன. இந்தச் சோதனைகள் எல்லாம் நீதிமன்றத்தின் நிழலில் நடந்தவை. உடன்படிக்கையை மீறினால் வழக்கு திரும்ப வரும் என்ற பயம் பின்னால் இருந்தது. ஒழிப்புவாதிகள் இந்த எண்களை மேற்கோள் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; பலர் சொல்வதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்நேரம் ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்திருக்கும்: கட்டப்பஞ்சாயத்து. நியாயமான பயம்தான். தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் வடநாட்டுக் காப் பஞ்சாயத்துகளையும் கட்டப்பஞ்சாயத்துகளையும் சட்டவிரோதம் என்று சொல்லிக் கண்டித்தது. ஊர் கூடி நியாயம் பேசினால் அது சாதியும் பணமும் பேசும் நியாயமாகத்தான் இருக்கும் என்பது நம் அனுபவம். அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான எச்சரிக்கை உண்டு. நவஹோ பழங்குடி நாடு 1982இல் தன் நீதிமன்றங்களுக்குள்ளேயே மரபுவழிச் சமாதான மன்றத்தை அமைத்தது. பெரியவர் ஒருவர் நடுவிலிருந்து, இரு குடும்பத்தாரையும் உட்காரவைத்து, நஷ்ட ஈடு பேசி முடிக்கும் முறை. சட்டப் பேராசிரியர் டோனா கோக்கர் 1999இல் அதை ஆராய்ந்து எழுதியது இரண்டு பக்கமும் உள்ள சித்திரம். கணவனின் உறவினர்கள் முன்னிலையில் உண்மை வெளியே வந்ததால் சில பெண்களுக்குத் துணையும் பொருளுதவியும் கிடைத்தன. சிலரைச் சமாதான மன்றத்துக்கே விருப்பமில்லாமல் வரவழைத்தார்கள். திருமணத்தை முறிக்காமல் சேர்ந்து வாழும்படி நெருக்கினார்கள். பழங்குடி மரபு என்பதாலேயே அது பெண்ணுக்கு நியாயம் செய்துவிடவில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? பஞ்சாயத்தில் பேசுகிறவர்கள் அந்தஸ்தால் பேசுகிறார்கள். பெண் வெளியே நிற்கிறாள், அவளுக்காக அப்பாவோ அண்ணனோ பேசுகிறார். அங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினை அவள் உடம்பில் பட்ட அடி இல்லை. ஊரின் பெயரும் சாதியின் கௌரவமும். தீர்ப்பை ஏற்க மறுத்தால் ஊரை விட்டு விலக்குவார்கள், போலீஸுக்குப் போனால் அதற்கும் தண்டனை. ‘இன்சைட்’ வழி வந்தவர்கள் வைக்கும் விதிகள் இதற்கு நேர்மாறானவை. கூட உட்காருபவர்களை அவள் தேர்ந்தெடுக்கிறாள். அவனை நேரில் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், போலீஸை அழைக்கலாம். அதற்காக யாரும் அவளைக் குறை சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சில போராட்டக் குழுக்களில், போலீஸை அழைத்த பெண்ணைத் துரோகி போல நடத்தும் போக்கு தலைகாட்டியதுண்டு. அப்படி நடக்கும் இடத்தில் அது பெயரளவில் எதுவானாலும் கட்டப்பஞ்சாயத்துதான்.

உண்மையிலேயே ஆபத்தான ஆட்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒழிப்புவாதிகள் தரும் பதில் எனக்கு முழுமையாகப் படவில்லை. இன்றைய அமைப்பும் அவர்களைப் பிடிப்பதில்லை என்பார்கள். அது உண்மைதான். பெரும்பாலான பாலியல் வன்முறைகள் போலீஸ் வரைக்கும் போவதே இல்லை. அமெரிக்காவில் நடக்கும் கொலைகளில் பெரும் பங்குக்கு யாரும் பிடிபடுவதில்லை. ஆனால் அடுத்தவர் தோற்றார் என்பது நாம் ஜெயிப்போம் என்பதற்குச் சான்றாகாது. வரப்போகிறவன் துப்பாக்கியோடு வருவான் என்று தெரிந்தால், தோழிகள் ஐந்து பேர் வாசலில் நிற்பது பாதுகாப்பு இல்லை. சிலரைச் சில காலம் பூட்டி வைக்க வேண்டியிருக்கும் என்பதை நான் ஏற்கிறேன். அதை ஏற்பதால், சாதாரண வீட்டுச் சண்டைக்கும் முதல் பதில் விலங்குதான் என்று ஆகிவிடாது. அமெரிக்கச் சிறைகளிலும் லாக்கப்புகளிலும் சுமார் 19 லட்சம் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரும் அந்தச் சிலருக்குள் அடங்குவார்கள் என்று எவரும் நம்ப முடியாது.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் கறுப்பினத்தவரிடமிருந்தே வருகிறது. 2020 கோடையில், போராட்டங்கள் உச்சத்தில் இருந்தபோது கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில், தங்கள் பகுதியில் போலீஸ் இப்போதிருக்கும் அளவு அல்லது இன்னும் கூடுதலாக நேரம் செலவிட வேண்டும் என்று சொன்ன கறுப்பினத்தவர் 81 சதவீதம். அப்படியிருக்க ஒழிப்புவாதிகள் யாருக்காகப் பேசுகிறார்கள்? அதே காலத்தில், காவல்துறையில் பெரும் மாற்றம் தேவை என்று சொன்ன கறுப்பினத்தவர் 88 சதவீதம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த முரண் விளங்கும். ஜேம்ஸ் ஃபோர்மன் எழுதி 2018இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘லாக்கிங் அப் அவர் ஓன்’ என்ற நூல் வாஷிங்டன் நகரின் கறுப்பினத் தலைவர்கள் 1970களிலிருந்து என்ன செய்தார்கள் என்று சொல்கிறது. போதைப்பொருளும் துப்பாக்கியும் தங்கள் தெருக்களை அழிப்பதைப் பார்த்து, கடும் சட்டமும் கூடுதல் போலீஸும் கேட்டவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் கேட்டது அது மட்டுமல்ல. வேலை, வீடு, பள்ளி, போதை சிகிச்சை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள். அரசு கொடுத்தது போலீஸை மட்டும். மெனுவில் ஒரே ஒரு பண்டம் இருக்கும் கடையில் அதை வாங்கியவரைப் பார்த்து, அவருக்கு இதுதான் பிடிக்கும் என்று சொல்வது போலத்தான் அந்த 81 சதவீதத்தை வாசிப்பதும்.

போலீஸ் அல்லாத வழிக்குப் பணம் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் ஓர் உதாரணம். கறுப்பின, லத்தீன் அமெரிக்க மக்கள் பெருவாரியாக வாழும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டிய ஊர். 2007இல் அங்கே 47 கொலைகள். அந்த ஆண்டு நகராட்சியே ஓர் அலுவலகம் திறந்தது. டெவோன் போகன் தலைமையில் 2010 முதல், சுடவும் சுடப்படவும் வாய்ப்புள்ள இளைஞர்களைத் தேடிப் பிடித்து, தினமும் அவர்களோடு பேசி, வேலைக்கும் சிகிச்சைக்கும் வழி காட்டி, சொன்னபடி நடந்தால் மாதம் 1,000 டாலர் வரை உதவித்தொகையும் கொடுத்தார்கள். கொலைகாரனுக்குச் சம்பளமா என்று ஏளனம் செய்தார்கள். 2014இல் கொலைகள் 11 ஆகக் குறைந்தன. 2019இல் வெளியான மதிப்பீடு, துப்பாக்கியால் வரும் சாவும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் 55 சதவீதம் குறைந்ததை இத்திட்டத்தோடு தொடர்புபடுத்தியது. துப்பாக்கி இல்லாத வன்முறை சற்றுக் கூடியதாகவும் அதே மதிப்பீடு சொன்னது. அந்த ஆண்டுகளில் ரிச்மண்டில் போலீஸ் சீர்திருத்தமும் நடந்தது. ஆகவே பெருமை முழுவதையும் ஒருவருக்கே எழுதிவைக்க முடியாது.

இந்த வேலைகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது கொள்கையில் அல்ல, ஆள்பலத்தில். ஒருவனைப் பொறுப்பேற்க வைக்க ஒன்று இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் யாராவது உட்கார வேண்டியிருக்கிறது. உட்காருபவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் சம்பளமில்லாமல், பகலில் இன்னொரு வேலை பார்த்துக்கொண்டு. சிறை எதிர்ப்பு என்ற பெயரில் அரசின் சுமையை ஏழைப் பெண்களின் தலையில் இறக்கி வைப்பதும் ஒரு சுரண்டல்தான். தன்னார்வத்தைப் புகழ்ந்து பேசும் இயக்கத் தலைவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு கைதியை ஓராண்டு வைத்திருக்க ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவாகிறது; அந்தச் செலவை யாரும் பலன் கேட்டு நிறுத்துவதில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை, வன்முறைத் தடுப்புக் குழுக்களும் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகளும் பெற்றுவந்த மானியங்களில் ஏறக்குறைய 80 கோடி டாலரை ஒரே வீச்சில் ரத்து செய்தது. அரசுப் பணமே வேண்டாம் என்று சொல்லும் ஒழிப்புவாதிகளும் உண்டு. அரசின் நிபந்தனைகள் வேலையைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். மானியத்தை நம்பியவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அதில் பாதி சரி. மறுபாதியை அந்தப் பெண்களின் வாடகை ரசீதில் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் டாலரில் நான்கில் ஒரு பங்கை அடிபட்டவளின் ஆறு மாத வாடகைக்கும், அவனோடு வாரந்தோறும் உட்காரும் ஒருவரின் சம்பளத்துக்கும் கேட்பதில் எந்தக் கொள்கையும் கறைபடாது. வாஷிங்டன் தராவிட்டால், 2007இல் ரிச்மண்ட் செய்ததுபோல அதை நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.